தோளும் காலும்

நம் ஊர்களில் கணவனும் மனைவியும் சேர்ந்து கையில் பெட்டியுடன் வாசற்படி இறங்கினால், எதிர்வீட்டார் கேட்கும் முதற் கேள்வி, "யார் வீட்டில் கல்யாணம்?" என்பது. கல்யாணம் ஒன்றுமில்லை என்றால், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்பார்கள். அதுவும் இல்லையென்றால், "எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?" என்பது மூன்றாவது கேள்வி. மூன்றுக்கும் 'இல்லை' என்று சொல்லிவிட்டு, "சும்மாதான் போகிறோம், இரண்டு நாள் இருந்துவிட்டு வருவோம்" என்று பதில் கூறும் தைரியம் நம்மவர்களில் பலருக்கு இன்னும் உண்டாகவில்லை. புதுமணத் தம்பதிகளுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு அளித்திருக்கிறோம். அந்தச் சலுகையும் முதற் குழந்தை பிறந்தவுடன் காலாவதியாகிவிடுகிறது.

நம்மிடம் கணக்குப் படித்த மாணவர் ஒருவர் இப்போது இத்தாலி தேசத்தில் மிலான் நகரில் உத்தியோகம் பார்க்கிறார். அவர் மனைவியும் அங்கேயே வேலை பார்க்கிறார். சில மாதங்களுக்கு முன்பு இருவரும் சனி, ஞாயிறு இரண்டு நாள் விடுமுறையில் டஸ்கனி மாகாணத்துக் கியாந்திக் குன்றுகளுக்குப் போய் வந்ததை விவரித்து அவர் நமக்கு நீண்ட கடிதம் எழுதியிருந்தார். பிளாரன்ஸ் வரை ரெயில். அங்கிருந்து கிரேவே என்ற சிற்றூருக்குப் பஸ். அங்கே வாடகைக்கு இரண்டு சைக்கிள்கள். மேடும் பள்ளமுமான பாதையில், இருபுறமும் திராட்சைக் கொடிகளும் ஒலிவ மரங்களும் நிற்க, மிதித்தும் தள்ளியும் மாலைக்குள் ஒரு குடியானவர் வீட்டை அடைந்திருக்கிறார்கள். இரவு அந்த வீட்டு அம்மாள் சமைத்த ரொட்டியும் பயற்றுக் கஞ்சியும், அந்தத் தோட்டத்துப் பழத்தில் பிழிந்த மதுரசம் ஒரு சிறு கிண்ணமும் பரிமாறினாளாம். "இந்தக் கொடி என் மாமனார் நட்டது" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினாளாம்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தை மாணவரின் மனைவி எழுதியிருந்தார். "சார், இந்த மூன்று வருஷத்தில் நான் அடுப்பைப் பற்றி நினைக்காத ஞாயிற்றுக்கிழமை இது ஒன்றுதான்" என்பது அதில் ஒரு வாக்கியம். "இது போல் நம் ஊர்ப்பக்கம் போக முடியுமா? எங்கே போகலாம்?" என்பது அடுத்த வாக்கியம். கேட்டவர் புதுக்கோட்டைக்காரர். 1991-ஆம் ஆண்டில் அந்த ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் முயற்சியால் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் எழுத்துடன் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். தம் தாயாரும் அவர்களில் ஒருவர் என்று அவர் குறிப்பிட்டிருந்தார். தாய் சைக்கிள் கற்றது தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிச் செல்வதற்கு. மகள் சைக்கிள் ஏறியது இரண்டு நாள் சந்தோஷத்துக்கு. ஒரு தலைமுறையில் இது சிறிய தூரமன்று.

நியாயமான கேள்விக்கு நியாயமான பதில் சொல்ல வேண்டுமல்லவா? அதற்கு முன், அந்த இத்தாலியக் கிராமம் எவ்வாறு அப்படி ஆயிற்று என்பதைக் கொஞ்சம் விசாரிப்போம். இல்லாவிட்டால் குன்றும் கொடியும் இருந்தால் போதும், மற்றதெல்லாம் தாமே வந்துவிடும் என்று நினைத்துவிடுவோம்.

நம் பாட்டனார்களின் காலத்தில் இத்தாலி என்றால் மாஜினியும் கரிபால்டியுமே நினைவுக்கு வருவார்கள். மாஜினியின் பிரதிக்கினையைப் பாரதியார் தமிழ்ப் பாட்டாகவே செய்தார். அந்த ஐக்கிய இத்தாலியில், காவூர் 1861-இல் இறந்ததும் பிரதம மந்திரியானவர் பெட்டினோ ரிகாசொலி என்ற பிரபு. கியாந்திப் பிரதேசத்தில் புரோலியோ என்ற கோட்டையும் தோட்டங்களும் அவருக்கு உரியவை. எந்தத் திராட்சையை எவ்வளவு சேர்த்தால் கியாந்தி மதுரசம் ஆகும் என்று ஆண்டுக் கணக்கில் சோதித்து, 1872-இல் அதைக் கடிதமாக எழுதி வைத்தவரும் அவரே. அதற்கும் வெகு காலம் முன்பாக, 1716-இல், டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ, 'இந்த எல்லைக்குள் விளைந்ததற்கே கியாந்தி என்று பெயர்' எனக் கட்டளை பிறப்பித்திருந்தார். 1924-இல் 33 தோட்டக்காரர்கள் சேர்ந்து சங்கம் அமைத்துக் கறுப்புச் சேவலைத் தங்கள் முத்திரையாகக் கொண்டார்கள். ஊரின் பெயரை ஊரார் இவ்விதம் காவல் காத்தார்கள்.

ஆனால் பெயருக்குக் காவல் இருந்ததே தவிர, பாடுபட்டவனுக்கு இல்லை. அங்கே நிலத்தை உழுதவர்கள் வாரக்குடிகள். விளைந்ததில் பாதி நிலக்காரருக்கு. நூற்றாண்டுக் கணக்கில் நடந்த இந்த வாரமுறை இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பிறகு ஆட்டங் கண்டது. 1964-இல் ஒரு சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடை செய்தது. அதற்குள்ளாகவே குடியானவர்கள் கூட்டங் கூட்டமாகத் தொழிற்சாலைகளைத் தேடிப் பட்டணங்களுக்குப் போய்விட்டார்கள். கல்வீடுகளின் கூரை இடிந்து உள்ளே முட்செடி முளைத்தது. இன்று படங்களில் பார்த்து நாம் வியக்கும் அதே குன்றுகள்தாம், அன்று வெறிச்சோடிக் கிடந்தன.

அவற்றுக்கு மீண்டும் உயிர் வந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. நமக்கு வேண்டியவை இரண்டு. முதலாவது, 1985 டிசம்பரில் இத்தாலியப் பார்லிமெண்ட் நிறைவேற்றிய ஒரு சட்டம். விவசாயி தன் வீட்டில் விருந்தினரைக் காசுக்குத் தங்க வைக்கலாம், தன் தோட்டத்தில் விளைந்ததைச் சமைத்துப் போடலாம் என்று அது அனுமதித்தது. கூடவே ஒரு நிபந்தனையும் விதித்தது: விவசாயமே பிரதானத் தொழிலாக இருக்க வேண்டும்; விருந்தோம்பல் அதற்குத் துணைத் தொழிலாகவே நடக்க வேண்டும். கலப்பையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு ஓட்டல் நடத்துகிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. நம் மாணவருக்கு மதுரசம் ஊற்றிய அம்மாள் மறுநாள் காலையில் மண்வெட்டியுடன் தோட்டத்தில் நின்றதன் ரகசியம் இதுதான்.

இரண்டாவது காரணம் சைக்கிள். அந்தக் குன்றுகளில் தார் போடாத வெள்ளைச் சரளைப் பாதைகள் இருக்கின்றன. அவற்றையெல்லாம் தார் ரோடாக்கிவிட வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, ஜான்கார்லோ புரோச்சி என்பவர் 1997-இல் காயோலே என்ற ஊரிலிருந்து ஒரு சைக்கிள் யாத்திரை தொடங்கினார். 'லெரோய்கா', அதாவது வீர யாத்திரை, என்று அதற்குப் பெயர். 1987-க்கு முன் செய்த பழைய ரேஸ் சைக்கிளில்தான் வர வேண்டும். சரளைப் பாதையில்தான் மிதிக்க வேண்டும். முதல் ஆண்டு 92 பேர் வந்தார்கள். பிறகு உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வரலானார்கள். பயனற்றது என்று கருதப்பட்ட பாதை, ஊருக்கே பெருமையாகிவிட்டது. விரைவாகப் போக முடியாது என்பதே அதன் மதிப்பு. அதே மனப்பான்மையில்தான், 1999-இல், கிரேவே ஊரின் மேயராக இருந்த பவுலோ சதுர்னீனி, 'நிதான நகரங்கள்' என்ற இயக்கத்தைத் தொடங்க முன்னின்றார்.

இங்கே வாசகர்களில் சிலர், "எல்லாம் சரி, அந்தக் கிண்ணம்?" என்று கேட்பார்கள். தட்டிக்கழிக்காமல் அதையும் பேசிவிடுவோம். இத்தாலிய மதுரசம் நமக்குப் புதிதன்று. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அது கப்பலேறித் தமிழ்நாட்டுக்கு வந்தது. யவனர் கொண்டு வந்த தேறலைப் பாண்டியன் பருகியதைப் புறநானூறு கூறுகிறது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மதுரசம் நிரப்பி வந்த ஜாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. ஆனால் அங்கே மதுரசம் சோற்றுடன் சேர்ந்த ஒரு பதார்த்தம். ஊர் பார்க்க, குடும்பத்துடன் உட்கார்ந்து, அளவாகப் பருகுவது. குடித்துவிட்டுச் சைக்கிள் ஓட்டினாலும் அந்நாட்டில் குற்றமே. லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்ற கணக்கு, மோட்டார்க்காரனுக்கு உள்ளதுபோலச் சைக்கிள்காரனுக்கும் உண்டு. அப்படிப்பட்ட தேசத்திலேயே 1986-இல் காசாசை பிடித்தவர்கள் மலிவு மதுரசத்தில் மெதனால் கலந்து விற்க, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நம் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூன் மாதம் அதே மெதனால் அறுபதுக்கும் மேற்பட்ட குடும்பங்களை நிர்க்கதியாக்கியதை நாம் மறக்கவில்லை.

1937-இல் சேலம் ஜில்லாவில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கிய ஆண்டின் சட்டம், பல திருத்தங்களுடன் இன்றும் நம் மாகாணத்தில் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் திராட்சரசத்தைப் புளிக்கவைத்து விற்பது அதன்படி குற்றம். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பழத்தைப் பழமாகவே உண்டு மகிழலாம். ஆகையால் நாம் இத்தாலியிலிருந்து கிண்ணத்தை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. இறக்குமதி செய்யத்தக்கது வேறு இருக்கிறது. அது என்ன என்பதைப் பழனி மலைக்குப் போய்ப் பார்ப்போம்.

பழனி மலைத் தொடரில் மனிதர் ஏறிய விதத்திலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். 1863-இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்சு ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். 1875-இல் மதுரைக்கு ரெயில் வந்த பிறகு, துரைமார்கள் அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் இறங்கி, மாட்டு வண்டியில் கிருஷ்ணமநாயக்கன் தோப்பு வரை வருவார்கள். அதற்கு மேல் செங்குத்தான ஒற்றையடிப் பாதை. அதற்குக் 'கூலிப் பாதை' என்றே பெயர். டோலியிலும் நாற்காலியிலும் துரையும் துரைசானியும் அமர்ந்திருக்க, நம்மவர்கள் தோளில் சுமந்து ஏறினார்கள். மேலே போன மேஜை, பியானோ, பீங்கான் சாமான் யாவும் மனிதத் தலையிலும் தோளிலும் போனவையே. சுமந்தவன் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

1914-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மோட்டார்ப் பாதை திறந்தது. தோள் தப்பியது, நல்லதுதான். துரைகள் போனார்கள், நாம் போகத் தொடங்கினோம். அதுவும் நல்லதே. ஆனால் இப்போது மலைக்கு வேறொரு பாரம். வாகன நெருக்கடி தாங்காமல், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குப் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை, வார நாட்களில் 4,000 வண்டிகள், சனி ஞாயிறுகளில் 6,000 வண்டிகள் என்று எல்லை கட்டினார்கள். எல்லை கட்டிய பிறகே ஆறாயிரம் என்றால், கட்டாதபோது எவ்வளவு என்று வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். துரையைச் சுமந்தது கூலியின் தோள். நம்மைச் சுமப்பது மலையின் தோள். சுமக்கிறவரின் முகத்தைப் பார்க்காமலே ஏறி இறங்குவதில் இரு காலத்தாருக்கும் ஒற்றுமை இருக்கிறது.

கொடைக்கானல் ஏரிக்கரையோடு பெரும்பாலோர் திரும்பிவிடுகிறார்கள். அங்கே வாடகைச் சைக்கிளும் உண்டு. ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் மிதித்து, படம் எடுத்துக்கொண்டு, மக்காச்சோளம் தின்றுவிட்டு வரலாம். ஆனால் அந்த ஊருக்கு மேற்கே ஒரு பாதை போகிறது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, போளூர், கிளாவரை என்று மணி கோத்தாற்போல் வரிசையாகக் கிராமங்கள். பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயில். மன்னவனூரில் 1965-இல் தொடங்கிய மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சிப் பண்ணை. கொடைக்கானலிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போனால் போளூர். மலைச்சரிவு முழுவதும் படிப்படியாக வெட்டிய வயல்கள்; உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ், எல்லாவற்றுக்கும் மேலாக மலைப்பூண்டு.

சென்ற ஆண்டு காலாண்டு விடுமுறையில், மேற்படி கடிதத்துக்குப் பதில் எழுதும் பொறுப்பை முன்னிட்டு, நாமும் நம் மனைவியாரும் அந்தப் பக்கம் சென்றோம். கவுஞ்சி வரை சர்க்கார் பஸ். அங்கிருந்து போளூருக்கு நடை. வழியில் ஓர் ஏற்றத்தில் இளம் தம்பதிகளைக் கண்டோம். இருவரும் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில், தலையில் புல்லுக்கட்டுடன் ஓர் அம்மாள் அதே வேகத்தில் நடந்துகொண்டிருந்தாள். மூவரும் பேசிக்கொண்டே போனார்கள். அந்த நேரத்தில் மூன்று கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு எங்கள் எல்லோரையும் தாண்டிச் சென்றன.

ஊர் எல்லையில் அந்த அம்மாள் கட்டை இறக்கி வைத்துவிட்டு, எங்களையும் அழைத்து உட்கார வைத்துக் கறுப்புத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். "காரில் வர்றவங்க போட்டோ எடுப்பாங்க, போயிருவாங்க. சைக்கிள்ல வர்றவங்க தண்ணி கேப்பாங்க. தண்ணி கேட்டாத்தானே சார் பேச்சு வரும்?" என்றாள். நம் மனைவியார் அதற்குள் சமையற்கட்டுக்கே போய்விட்டார். பரணில் பூண்டுத் தாள்களைக் கொத்துக் கொத்தாக முடிந்து தொங்கவிட்டிருந்தது. அடுப்புப் புகை அதைச் சூழ்ந்து மேலே போயிற்று. புகை பட்டால்தான் பூண்டு கெடாமல் மாதக்கணக்கில் நிற்கும், அடுத்த விதைப்புக்கும் உதவும் என்று அந்த அம்மாள் விளக்கினாள். கல்லூரியில் ரசாயனம் படித்த நமக்கு அது புதுப்பாடமாக இருந்தது.

இந்தப் பூண்டுக்குக் கொடைக்கானல் மலைப்பூண்டு என்ற பெயரில் 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்காகப் பாடுபட்டது கொடைக்கானலிலேயே இருக்கும் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். 1716-இல் கோசிமோ பிறப்பித்த கட்டளைக்கும் இதற்கும் தத்துவம் ஒன்றே: இந்த எல்லைக்குள் விளைந்ததற்கே இந்தப் பெயர். ஆனால் பெயருக்கு வரும் பணம் யாருக்குப் போகிறது என்பது அங்கே எழுந்த கேள்வி, இங்கேயும் எழுகிறது. போளூர்ப் பூண்டு மூட்டையாக மலையிறங்கிப் பெரியகுளம் பக்கத்து வடுகபட்டிச் சந்தைக்குப் போகிறது. தரகு, ஏற்றுக்கூலி, லாரிச் சத்தம் எல்லாம் கழித்து வருவதுதான் விதைத்தவருக்கு. அதே பூண்டைத் தேடி மலைமேல் வந்த நகரவாசி, சாலையோரக் கடையில் விலையைப் பாதியாகக் குறைத்துக் கேட்டுவிட்டுக் காரில் ஏறுகிறார்.

பூண்டு கட்டுபடியாகாதபோது அடுத்து விலைபோவது நிலம். வாங்குகிறவர் உழவதற்கு வாங்குவதில்லை. கண்ணாடி ஜன்னல் வைத்த பங்களா கட்ட வாங்குகிறார். கொடைக்கானலில் அனுமதியின்றி எழுந்த கட்டடங்களுக்கு நீதிமன்றத்தின் கட்டளையால் பூட்டுப் போட்ட கதை நாம் அறிந்ததே. அந்த அலை மேற்கே நகர்ந்தால், படிக்கட்டு வயல்களைப் பார்க்க வந்தவர்கள் ஒருவர் கட்டிய பங்களாவை மற்றவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரிடும். நேற்று நிலத்துக்குச் சொந்தக்காரராக இருந்தவர் அதே இடத்தில் வாசற்காவல்காரராக நிற்பார். கியாந்தியின் கல்வீடுகள் இடிந்தபோது குடியானவன் பட்டணத்துக்குப் போனான். நம் மலையில் அவன் போவதற்கு முன்பே தடுத்துக்கொள்ளக் கூடிய காலம் இன்னும் இருக்கிறது.

அதற்கு இத்தாலியச் சட்டத்தின் அந்த ஒரு நிபந்தனையை நாம் இரவல் வாங்கலாம். விருந்தினரைத் தங்க வைக்கும் உரிமை, பூண்டும் கிழங்கும் பயிரிடுகிற குடும்பத்துக்கே முதலில் கிடைக்கட்டும். இரண்டு அறை, சுத்தமான குளியலறை, அந்த வயலில் விளைந்த சாப்பாடு, அவ்வளவு போதும். கூலி, அடுப்படியில் நிற்கும் பெண்ணின் கையில் கொடுக்கப்படட்டும். இதையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீட்டுப் பெண்மணிக்கு ஓர் ஞாயிறு ஓய்வு கிடைப்பதற்காகப் போளூர்ப் பெண்மணியின் ஞாயிறு இலவசமாகப் போய்விடக் கூடாது. ஒரு அடுப்பிலிருந்து இன்னொரு அடுப்புக்கு வேலையை மாற்றுவது மட்டும் விடுமுறை ஆகாது. அந்த வேலைக்குக் கௌரவமான விலை கொடுப்பதே அதை விருந்தாக்கும்.

இனி, போக விரும்பும் தம்பதிகளுக்குச் சில வார்த்தைகள். கியாந்திக் குன்றுகளைவிடப் பழனி மலை பன்மடங்கு உயரமானது. கொடைக்கானலே சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியிலிருந்து மிதித்து ஏறுவது பழகிய வாலிபர்களுக்கே உரியது. மற்றவர்கள் மேலே சென்று, கியர் வைத்த சைக்கிளில் அங்கிருந்து புறப்படலாம். பிரேக் இரண்டையும் புறப்படுமுன் பரிசோதியுங்கள். மலைப்பாதையில் ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும், இறக்கம் உயிரையே வாங்கும். காட்டுமாடுகள் அந்தியிலும் விடியலிலும் சாலைக்கு வரும். ஆகையால் பொழுது சாய்வதற்குள் தங்குமிடம் சேர வேண்டும். அந்த வட்டாரக் காடுகள் 2013 முதல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம். சாலையை விட்டு உள்ளே போக அனுமதி வேண்டும். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலுக்கு மலையில் தடை உண்டு. வீட்டுச் செம்போ, எவர்சில்வர்க் குப்பியோ எடுத்துச் செல்லுங்கள். காலியானால் யார் வீட்டிலாவது தண்ணீர் கேளுங்கள். அந்தப் புல்லுக்கட்டு அம்மாள் சொன்னது நினைவிருக்கட்டும்.

கணவன்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை உண்டு. ஏற்றத்தில் மனைவி பின்தங்கினால், "என்ன, அதற்குள் களைத்துவிட்டாயா?" என்று மேலே நின்றுகொண்டு கூவ வேண்டாம். நீங்களும் இறங்கித் தள்ளுங்கள். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் பேச அகப்படாத விஷயங்கள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும் ஒரு மைல் தூரத்தில் தாமே வெளிவருவதுண்டு. பிள்ளைகளின் பரீட்சை மார்க்கையும் பால்காரன் கணக்கையும் மட்டும் அந்த ஒரு மைலில் எடுக்காமல் இருந்தால் போதும்.

நம் மாணவரின் மனைவிக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பிவிட்டோம். அடுத்த பொங்கலுக்கு ஊர் வரும்போது போளூர் போவதாகப் பதில் வந்திருக்கிறது; தம் தாயாரையும் அழைத்துப் போகலாமா என்று கேட்டிருக்கிறார். தாராளமாக அழைத்துப் போகலாம். முப்பது வருஷத்துக்கு முன் சைக்கிள் கற்றவருக்குச் சந்தோஷத்துக்காக ஏறும் முதற் சவாரி அதுவாகவே இருக்கக் கூடும்.

வாசகர்களும் போய்வர வேண்டும் என்பது நம் ஆசை. திரும்பும்போது ஒரு கிலோ பூண்டு வாங்குங்கள். பேரம் பேச வேண்டாம். எந்த வயலில் விளைந்தது, யார் விதைத்தது என்று மட்டும் கேளுங்கள். பெயரைச் சொல்வார்கள். அந்தக் கூலிப் பாதையில் சுமந்து சென்றவர்களின் பெயரை ஒருவரும் கேட்டு வைக்கவில்லை. இவர்களுடைய பெயரையாவது நாம் கேட்டுக்கொண்டு வருவோம்.